மணி அடித்தது யார்?

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பழைய உதவிக் குறிப்புகளில் 261186 என்ற எண் கொண்ட ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் நினைத்த நேரத்தில் தானாகவே செவ்வியல் இசை வாசிக்கிறது என்பதுதான் அதில் விவரிக்கப்படும் கோளாறு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பெட்டிக்குள்ளிருந்து பீத்தோவனின் 'ஃப்யூர் எலீஸ்' கிளம்பும். சில பெட்டிகளில் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' பாட்டு. விண்டோஸை 'சேஃப் மோட்'டில் திறந்தாலும் கச்சேரி தொடரும். மேஜைமேல் இருக்கும் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கியும் பயனில்லை. பாடுவது மதர்போர்டோடு சேர்ந்த குட்டி ஸ்பீக்கர்.

வைரஸ் என்று அலறியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். உண்மைக் காரணம் வேறு. பிராசஸர்மேல் சுழலும் மின்விசிறி நின்றுவிட்டது, அல்லது நிற்கப் போகிறது. அதுவும் இல்லையென்றால் பவர் சப்ளையிலிருந்து வரும் வோல்டேஜ் எல்லை தாண்டிவிட்டது. அதைச் சொல்லத்தான் அந்த மெட்டு. 1997 முதல் அவார்டு, யூனிகோர் நிறுவனங்கள் உருவாக்கிய, கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் 'பயாஸ்' நிரல்களில் இந்த ஏற்பாட்டை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். 'சூடேறிக்கொண்டிருக்கிறேன், உடனே கவனி' என்று கத்த வேண்டிய இடத்தில் ஒரு பியானோத் துணுக்கு! கேட்டவர் ரசித்திருப்பார், எரிச்சல்பட்டிருப்பார், பையன் ஏதோ கேம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று திட்டியிருப்பார். மூடியைக் கழற்றி மின்விசிறியைப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

தைவானில் இதே மெட்டு கேட்டால் மக்கள் பையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்குவார்கள். அங்கே குப்பை வண்டி வாசிக்கும் மெட்டு அது. மெட்டோடு வண்டியும் கண்ணில் படுவதால் குழப்பம் இல்லை.

இப்போதைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பீத்தோவன் வாசிப்பதில்லை. 'டிங்' என்கின்றன, 'டொடுங்' என்கின்றன, 'ப்ளூப்' என்று குமிழ் விடுகின்றன. ஆனால் சிக்கல் அன்றைக்கு இருந்ததுதான். ஒலி வருகிறது, அனுப்பியவர் பெயர் வருவதில்லை. "ஏங்க, அதுல என்னமோ சத்தம் வருது, என்னன்னு பாருங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். போய்ப் பார்த்தால் திரையில் ஒன்றுமே இருக்காது. உடனே ஹேக்கர், வைரஸ், உளவு என்று சந்தேகம் எங்கெங்கோ போகும். பெரும்பாலான வீடுகளில் கடைசியில் மாட்டுவது லொடலொடத்த ஒரு வயர், அல்லது என்றோ அவசரத்தில் 'அலோ' அழுத்திய ஓர் இணையதளம், அல்லது மூடிவிட்டோம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு செயலி. பிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. காதை மட்டும் நம்பித் தேடக் கூடாது, அவ்வளவுதான்.

காது தடுமாறும் இடம்

ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஆங்கிலேய இயற்பியலாளர் லார்டு ராலே 1907-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கீழ்ச் சுருதி ஒலி என்றால், ஒரு காதுக்கு வந்த பிறகு மற்றொரு காதுக்கு வர ஆகும் நேரத்தை மூளை கணக்கிடுகிறது. அந்த இடைவெளி ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேல் சுருதி ஒலி என்றால், தலை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறைவதை வைத்து மூளை தீர்மானிக்கிறது. இரண்டு கணக்குக்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. நேர வித்தியாசமும் அங்கே உதவாது, சத்த வித்தியாசமும் போதாது.

1936-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ், நியூமன் இருவரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுவர்களின் எதிரொலி குறுக்கே வரக் கூடாது என்பதற்காக ஒரு கட்டடத்தின் மொட்டைமாடிக்கும் மேலே உயரமாக நாற்காலி போட்டு, அதில் ஆளை உட்காரவைத்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளில்தான் தவறு அதிகம் நடந்தது.

இப்போது யூ.பி.எஸ்., புகை எச்சரிக்கைக் கருவி போன்றவற்றின் உள்ளே இருக்கும் பஸ்ஸரைப் பாருங்கள். பெரும்பாலும் அது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள்தான் கத்தும். காது எங்கே தடுமாறுமோ, சரியாக அங்கே. போதாக்குறைக்கு அந்தக் 'கீச்' ஒரு விநாடிகூட நீடிப்பதில்லை. தலையைத் திருப்புவதற்குள் முடிந்துவிடும். மொட்டைமாடியில் இல்லாத எதிரொலி நம் ஹாலில் தாராளமாக இருக்கிறது: டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி அலமாரி. கம்ப்யூட்டர் பக்கத்தில் வரும் எந்தச் சத்தத்தையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிடுவது மனித இயல்பு.

ஆகவே முதல் வேலை, திரையின் கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி ஒலியை முழுவதும் அணைத்துவிடுவது. அணைத்த பிறகும் சத்தம் வந்தால் விண்டோஸ் நிரபராதி. மேஜைக்கு அடியில் குனிந்து யூ.பி.எஸ்.ஸைப் பாருங்கள். மின்சாரம் போய்ப் பேட்டரியில் ஓடும்போது அது இடைவெளி விட்டுக் கத்தும், பேட்டரி தீரப் போகிறது என்றால் ஓயாமல் கத்தும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அது கத்துவது. மாலையில் தெரு முழுக்க ஏ.சி. ஓடி லோ வோல்டேஜ் ஆகும்போது பல யூ.பி.எஸ்.கள் ஒரு நொடி பேட்டரிக்குத் தாவித் திரும்பும். அந்தத் தாவலுக்கு ஒரு 'கீச்'. சில ஆண்டுகள் ஓடிய பேட்டரி செத்துக்கொண்டிருந்தாலும் கத்தும். இந்தச் சத்தத்துக்காகக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தவர்களும் இருப்பார்கள். பாவம்.

யூ.பி.எஸ். இல்லையென்றால் மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். சார்ஜ் தீரும் ப்ளூடூத் ஹெட்செட், அணைக்க மறந்த பழைய மொபைல், யாரோ போட்டுவைத்த சின்ன ஸ்பீக்கர், எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். கூடவே வீட்டில் இன்னொருவரையும் கேளுங்கள், 'உனக்குக் கேட்டதா?' என்று. வராத அழைப்பையும் உணரக்கூடியவர்கள் நாம். மாசசூசெட்ஸ் மருத்துவமனை ஒன்றின் ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கருவி அதிராமலே அதிர்ந்ததாக உணர்ந்திருக்கிறோம் என்று அதில் 68 சதவீதம் பேர் சொன்னார்கள்.

சத்தத்தைக் கண்ணால் பிடிப்பது

ஒலியை அணைத்ததும் சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் குற்றவாளி விண்டோஸுக்குள்தான் இருக்கிறார். மறுபடி ஒலியைத் திறந்துவிட்டு, காதுக்கு வேலை கொடுக்காமல் கண்ணுக்குக் கொடுங்கள்.

விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் 'வால்யூம் மிக்ஸர்' இருக்கிறது. ஒவ்வொரு செயலியின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க வந்த வசதி அது. துப்புத் துலக்குபவருக்கு அதில் கிடைப்பது இன்னொன்று. சத்தம் எழுப்பும் செயலியின் பக்கத்தில் பச்சைக் கோடு ஒன்று எழும்பி அடங்கும். விண்டோஸ் 11-ல் புது மிக்ஸரைவிடப் பழையதே இதற்கு நல்லது. விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனைச் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் எஸ், என், டி, வி, ஓ, எல் என்ற ஆறு எழுத்துகளை அடித்தால் பழைய ஜன்னல் திறக்கும். அதைத் திரையின் ஓரத்தில் விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். சத்தம் வந்ததும் கண் அங்கே போகட்டும். துள்ளியது குரோம் கோடு என்றால் ஏதோ ஒரு டேப். டீம்ஸ் என்றால் டீம்ஸ்.

துள்ளுவது 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' என்ற கோடாக இருந்தால் அவசரப்பட்டு விண்டோஸைக் குற்றம் சொல்லாதீர்கள். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். திரையின் வலது மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புப் பெட்டியை அனுப்பியது வாட்ஸ்அப்பாக இருக்கலாம், காலண்டராக இருக்கலாம், குரோம் வழியாக வந்த ஏதோ ஓர் இணையதளமாக இருக்கலாம். ஆனால் அதற்கான சத்தத்தைப் பெரும்பாலும் விண்டோஸே எழுப்பிக் கொடுக்கிறது. மிக்ஸரில் பெயர் விழுவது விண்டோஸ்மீது. உண்மையான ஆளைப் பிடிக்க, விண்டோஸ் பட்டனோடு என் பட்டனை அழுத்துங்கள். விண்டோஸ் 10 என்றால் ஏ பட்டன். மறைந்துபோன அறிவிப்புகள் அங்கே பெயரோடு வரிசையாக நிற்கும். அங்கே எதுவும் இல்லையென்றால் வந்த சத்தம் அறிவிப்பு அல்ல, வன்பொருள் சம்பந்தப்பட்டதாகவோ எச்சரிக்கையாகவோ இருக்கலாம்.

அதையும் அடையாளம் காணலாம். தேடும் கட்டத்தில் 'சேஞ்ச் சிஸ்டம் சவுண்ட்ஸ்' என்று அடித்தால், எந்த நிகழ்வுக்கு எந்த ஒலி என்ற நீண்ட பட்டியல் வரும். ஒவ்வொன்றாகத் தேர்ந்து 'டெஸ்ட்' அழுத்திக் கேளுங்கள். தாளம் தெரியாதவருக்கும் பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஒன்றை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 11-ல் வெளிச்சமான தோற்றத்துக்கு ஓர் ஒலித் தொகுப்பு, இருண்ட தோற்றத்துக்கு அதைவிட மென்மையான இன்னொரு தொகுப்பு. தோற்றத்தை மாற்றிய வீட்டில் பழைய சத்தமே புதுச் சத்தமாகக் கேட்கும்.

ஏறும் சுரம், இறங்கும் சுரம்

வீடுகளில் அதிகம் ஆட்டிப்படைக்கும் மர்மம் இரட்டை ஒலிதான். இரண்டு சுரம் ஏறினால் ஏதோ ஒரு கருவி இணைந்தது. இரண்டு சுரம் இறங்கினால் ஏதோ ஒன்று பிரிந்தது. நீங்கள் எதையும் செருகவில்லை, பிடுங்கவில்லை. ஆனாலும் நாளெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் யூ.எஸ்.பி. வழியில் ஏதோ ஒன்று செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

சார்ஜ் போடச் செருகிய மொபைலின் கேபிள் உள்ளே இற்றுப்போயிருக்கலாம். சிறிது அசைந்தாலும் தொடர்பு அறுந்து மறுபடி ஒட்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று போர்ட்டுகளின் உலோகத்தை அரித்துவிடும். மலிவு விலை ஹப் ஒன்றில் கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் மாட்டியிருந்தால், அது மின்சாரப் பஞ்சம். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் மற்றவர்களுக்குப் போதாமல்போய் யாரோ ஒருவர் விழுந்து எழுவார். பிரின்டர் உறங்கப்போகும்போதும் சில சமயம் இறங்கு சுரம் கேட்கும். மின்சாரம் மிச்சம் பிடிக்க விண்டோஸே சில யூ.எஸ்.பி. கருவிகளைத் தூங்கவைத்து எழுப்புவதும் உண்டு. பவர் ஆப்ஷன்ஸில் 'யூ.எஸ்.பி. செலெக்டிவ் சஸ்பெண்ட்' என்ற வரியை அணைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எந்தக் கருவி என்று கண்டுபிடிக்க, 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். சத்தம் வரும் கணத்தில் பட்டியல் ஒருமுறை சிமிட்டும், ஒரு வரி மறைந்து திரும்பும். உட்காரப் பொறுமையில்லாதவர்களுக்கு நிர்சாஃப்ட் தளத்தில் 'யூ.எஸ்.பி. டிவ்யூ' என்ற இலவசச் செயலி இருக்கிறது. இதுவரை செருகிய கருவிகளையெல்லாம், கடைசியாக இணைந்த நேரத்தோடு அது காட்டும். டிவைஸ் மேனேஜரில் தென்படாத பழைய கருவிகளும் அதில் கிடைக்கும். இரண்டும் பயமாக இருந்தால் பாதிக் கருவிகளைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். சத்தம் நின்றால் கழற்றிய பாதியில் குற்றவாளி. நிற்காவிட்டால் மீதிப் பாதியில். மறுபடி பாதியாக்குங்கள். எட்டுக் கருவி இருந்தாலும் மூன்று சுற்றில் ஒன்றாகிவிடும்.

இந்தச் சத்தத்தைச் செட்டிங்ஸில் போய் அணைத்துவிடும் 'வைத்தியம்' பல இடங்களில் சொல்லித் தரப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளி ஹார்டு டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் குழந்தையின் பிறந்தநாள் படங்கள் போய்விடும். சத்தத்தை அணைத்தால் படங்கள் சத்தமில்லாமல் போகும்.

'அலோ' என்ற ஒற்றை அழுத்து

பக்கத்தை நாம் மூடிய பிறகும் இணையதளங்கள் செய்தி அனுப்பலாம் என்ற வசதியை 2015 ஏப்ரலில் குரோம் கொண்டுவந்தது. மின்னஞ்சலுக்கும் செய்தித்தாளுக்கும் நல்ல வசதிதான். ஆனால் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்ற கேள்வி முளைக்கத் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2019-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. அப்படிக் கேட்கப்பட்ட அனுமதிகளில் சுமார் 99 சதவீதம் ஏற்கப்படவே இல்லை. 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸும் பிப்ரவரியில் குரோமும் அந்தக் கேள்வியின் வாயை ஓரளவு அடைத்தன.

ஆனால் ஏமாற்றுத் தளங்களுக்கு மீதி ஒரு சதவீதம் போதும். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ அழுத்துங்கள்', 'படம் பார்க்க அலோ அழுத்துங்கள்' என்று எழுதிவைத்திருப்பார்கள். புதுப் படம் தேடும் பிள்ளைகளும், ஜாதகம் தேடும் பெரியவர்களும், தேர்வு முடிவு பார்க்கும் அவசரத்தில் இருப்பவர்களும் அழுத்துவார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் நடக்காது. மறுநாள் 'டிங்'. 'உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்கள்' என்று மூலையில் பெட்டி எழும். பிரபலமான ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னம்கூட ஒட்டியிருக்கும். சில நிமிடத்தில் இன்னொன்று. உலாவி திறந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஜன்னல்களை மூடிய பிறகும் குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க அதன் செட்டிங்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கிறது.

இதில் வேடிக்கை, வீட்டில் இருக்கும் நிஜமான ஆன்டிவைரஸை எத்தனை முறை ஓடவிட்டாலும் அதற்கு எதுவும் அகப்படாமல் போகலாம். கம்ப்யூட்டருக்குள் கிருமி இல்லையே! நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதி அது. உலாவியின் கண்ணில் அது முறையான விருந்தாளி. குரோமின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைப் பாருங்கள். உங்கள் வங்கி, மின்னஞ்சல் போகத் தலையும் வாலும் புரியாத பெயர்கள் இருக்கும். எல்லாவற்றையும் நீக்குங்கள். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இதே பட்டியல் சற்று வேறு வாசலில் இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டரில் அப்பா, மகள், தாத்தா என்று தனித்தனி குரோம் புரொஃபைல் இருந்தால் ஒவ்வொன்றிலும் போய்ப் பார்க்க வேண்டும். தாத்தாவுடையதில்தான் பட்டியல் நீளமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், பள்ளிக்கூடப் பிள்ளையினுடையதையும் திறந்து பாருங்கள்.

அந்தப் பெட்டிகளில் வரும் தொலைபேசி எண்ணை மட்டும் கூப்பிடக் கூடாது. 'டெக்னிகல் சப்போர்ட்' என்று பேசுபவர் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதி கேட்பார், பிறகு பணம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

நிஜமான தீங்கு நிரலும் சத்தம் போடுவதுண்டு, அரிதாக. கண்ணுக்குத் தெரியாத உலாவியைத் திறந்து விளம்பரங்களைத் தானே அழுத்திக் காசு பார்க்கும் நிரல்கள் உண்டு. 2014-ல் பேசப்பட்ட 'பொவெலிக்ஸ்' அந்த ரகம். ஹார்டு டிஸ்கில் கோப்பாக உட்காராமல் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரிக்குள் ஒளிந்துகொண்டது அது. இப்படிப்பட்டவை வந்தால் டிங் டிங் என்று கேட்காது. யாருமில்லாத திரையிலிருந்து விளம்பரக் குரல் பேசும். அப்போது முழு ஸ்கேன் தேவை.

கீபோர்டு செய்யும் சேட்டைகள் தனி ரகம். ஷிப்ட் பட்டனை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' எட்டிப் பார்க்கும். நம் லாக் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் 'டாகிள் கீஸ்'. அதற்கு 'சரி' சொல்லிவிட்டால் கேப்ஸ் லாக்கைத் தொடும்போதெல்லாம் ஒரு பீப். ஒரு நோட்டுப் புத்தகம் கீபோர்டின் மூலையில் சாய்ந்திருந்தால் டிங் டிங் டிங் என்று மழை கொட்டும். நகர்த்திவையுங்கள்.

சாட்சியை வைத்துப் பிடிப்பது

மிக்ஸருக்கும் சிக்கவில்லை, பட்டியலிலும் இல்லை என்றால் ஒரு துப்பறிவாளரின் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் 1996-ல் விண்டோஸின் உள்வேலைகளை வெளிச்சம் போட்டுக் காட்டும் சின்னச் சின்னச் செயலிகளை இலவசமாகத் தரத் தொடங்கினார்கள். சிஸ்இன்டர்னல்ஸ் என்று அறியப்படுவது அதுதான். 2005 அக்டோபரில், சோனி பிஎம்ஜி வெளியிட்ட இசை சி.டி.கள் கம்ப்யூட்டருக்குள் ரகசியமாக ஒளியும் நிரலைப் பதிக்கின்றன என்று கண்டுபிடித்து அம்பலப்படுத்தியவர் இந்த ருசினோவிச்தான். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் இவர்கள் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. விளங்காத கோளாறுகளைத் துப்புத் துலக்குவது எப்படி என்று பல ஆண்டுகள் மேடைபோட்டு விளக்கியவர் அவர்.

அந்தச் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் 'ப்ராசஸ் மானிட்டர்', எந்தச் செயலி எந்தக் கோப்பைத் தொட்டது என்பதை நொடிக்கு நொடி எழுதிக்கொண்டே இருக்கும். விண்டோஸின் எச்சரிக்கை ஒலிகள் எல்லாம் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மீடியா' என்ற இடத்தில் வேவ் கோப்புகளாக இருக்கின்றன. ஃபில்டரில், வழி 'வேவ்' என்று முடியும் கோப்புகளை மட்டும் காட்டு என்று சொல்லிவிட்டால் பக்கம் வெறுமையாகிவிடும். சத்தம் வரும் கணத்தில் ஒரு வரி விழும்: நேரம், கோப்பின் பெயர், அதைத் திறந்த செயலி. சில சமயம் செயலி என்று விண்டோஸின் பொதுப் பெயர்களே விழும். அப்போதும் கோப்பின் பெயர் பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒலியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் செயலிகளும் இணையதளங்களும் இதில் சிக்காது. அவற்றுக்கு மிக்ஸர்தான்.

ஒரு வீட்டு 'டிங்'குக்கு இத்தனை பாடா என்று கேட்பீர்கள். நியாயம்தான். கருவி எப்போது செருகப்பட்டது, எந்தச் செயலி எப்போது செயலிழந்தது, யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்று விண்டோஸ் ஓயாமல் குறிப்பு எழுதுகிறது. சத்தத்துக்கு மட்டும் சாதாரண மனிதர் திறந்து பார்க்கும்படி ஒரு பதிவேடு இல்லை. 'கடந்த ஒரு மணி நேரத்தில் ஒலி எழுப்பியவர்கள்' என்று ஒரு பக்கம் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் கட்டிய ஆராய்ச்சி மணியை ஒரு பசு இழுத்தது என்பது நம் கதை. மணி அடித்ததும் வெளியே வந்த அரசனின் கண்முன்னே பசு நின்றது. யார் இழுத்தது என்று அவன் தேட வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டரில் நாற்பது பேர் கையில் கயிறு இருக்கிறது. இழுத்தவர் எல்லோரும் இழுத்த உடனே ஓடி ஒளிந்துகொள்ள அனுமதியும் இருக்கிறது.

ஒலியின் அழகுக்கு மெனக்கெடாதவர்கள் அல்ல விண்டோஸை உருவாக்குபவர்கள். விண்டோஸ் 95-ன் தொடக்க ஒலிக்குப் பிரையன் ஈனோ என்ற பெரிய இசைக் கலைஞரையே அழைத்தார்கள். கேட்டது மூன்றேகால் விநாடி அளவுக்கு ஒரு துணுக்கு. அவர் 84 துணுக்குகள் செய்து பார்த்தார். அதுவும் போட்டி நிறுவனத்தின் மேக் கம்ப்யூட்டரில்! அழகுக்கு அவ்வளவு உழைப்பு, அனுப்புநர் முகவரிக்கு ஒன்றுமில்லை. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. செயலி செய்பவருக்கு நம் கண் திரும்ப வேண்டும். யார் கூப்பிட்டது என்று தெரியாத சத்தத்துக்குத்தான் ஆள் கட்டாயம் எழுந்துவந்து பார்ப்பார்.

முகவரியை நாமே எழுதிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. முன்னே சொன்ன ஒலிப் பட்டியலில் 'பிரௌஸ்' என்ற பட்டன் உண்டு. எந்த நிகழ்வுக்கும் நமக்குப் பிடித்த வேவ் கோப்பை வைக்கலாம். "வயர் கழண்டுடுச்சு", "பேட்டரி தீரப் போகுது" என்று வீட்டில் யாராவது ஒருவர் பேசி, வேவ் வடிவத்தில் சேமித்து, அந்தந்த வரிக்குக் கொடுத்துவிட்டால் போதும். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பேத்தியின் குரலாக இருந்தால் சத்தம் வந்ததும் எரிச்சலும் வராது.

அறிவிப்புகளைக் குறைப்பதிலும் ஒரு வரிசை வேண்டும். செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போனால் செயலிவாரியாகச் சத்தத்தை மட்டும் நிறுத்தலாம். பெட்டி வரும், ஒலி வராது. கடைகள், கேம்கள், 'புது வசதி பாருங்கள்' என்று நச்சரிப்பவை ஆகியவற்றை முதலில் அணையுங்கள். மொபைலைக் கம்ப்யூட்டரோடு 'ஃபோன் லிங்க்' வழியாக இணைத்திருந்தால் ஒரே செய்திக்கு இரண்டு இடத்தில் மணி அடிக்கும், ஓரிடத்தில் நிறுத்துங்கள். பேட்டரி, ஹார்டு டிஸ்க், பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றில் கை வைக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிடிபடாமல் போனால் கடைக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். அதற்கு முன் ஒரு தாளில் சத்தம் வந்த நேரங்களைக் குறித்துவையுங்கள். சரியாக மணிக்கொரு முறை என்றால் அட்டவணை போட்டு ஓடும் ஏதோ ஒரு வேலை. அதை 'டாஸ்க் ஷெட்யூலர்' என்ற இடத்தில் தேடுவார். ஏ.சி. போட்ட பிறகு மட்டும் என்றால் மின்சாரம். மவுஸை நகர்த்தும்போது மட்டும் என்றால் வயர். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சத்தம் நின்றுவிடும், இது எல்லா ஊரிலும் நடப்பது. ஆகவே மொபைலை மேஜையில் சாய்த்துவைத்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் மிக்ஸர் ஜன்னல், மூலையில் கடிகாரம், கூடவே அந்த 'டிங்'. மூன்றும் ஒரே படத்தில் இருந்தால், பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலைகூட மிச்சமாகலாம்.